டீபக்கிங்: பிழை திருத்தமா, வழு களைதலா?

காரைக்குடிப் பக்கத்துக் கல்லூரிகளில் கைமாறும் தமிழ்க் குறிப்புகளிலும் கணிப்பொறிப் பயிலரங்குகளிலும் கணிப்பொறி நிரலில் (புரோகிராமில்) உள்ள கோளாறைத் தேடிக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் 'டீபக்கிங்' என்பதற்குப் 'பிழை திருத்தம்' என்றே சொல்லிவருகிறார்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அச்சகத்தாருக்கு உரிய சொல்லை எடுத்து நிரலாளர் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

'பக்' என்றால் பூச்சி. 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டு மார்க் 2 கணிப்பொறியின் ரிலேயில் (மின்சாரத்தால் இயங்கும் சொடுக்கியில்) சிக்கிய அந்துப்பூச்சியைப் பதிவேட்டில் ஒட்டிவைத்தார்கள். அன்றுதான் சொல் பிறந்தது என்பது வெறுங்கதை. எடிசன் 1878-லேயே கருவிக் கோளாறுகளைக் கடிதத்தில் இப்பெயரால் சுட்டியிருக்கிறார்.

பன்னிரண்டு மாத வட்டியைக் கூட்ட, 'சி' என்னும் கணிப்பொறி மொழியில் எழுதிய ஒரு நிரலை எடுத்துக்கொள்வோம். மாத வட்டிகளை வரிசையாக வைத்திருக்கும் அணியின் இடங்கள் 0 முதல் 11 வரை. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் மடக்கின் நிபந்தனையில் '12-ஐ விடச் சிறியது' என்பதற்குப் பதிலாகச் 'சிறியது அல்லது சமம்' என்று எழுதிவிட்டால், அது 13 முறை சுழன்று, அணிக்கு அப்பால் நினைவகத்தில் கிடக்கும் ஏதோ ஓர் எண்ணையும் சேர்த்துக் கூட்டிவிடக்கூடும். நிரலை எந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் வாய் திறக்காமலே இருக்கலாம். தவறு தலைகாட்டுவதோ பல வரிகள் தள்ளி அச்சாகும் மொத்தத்தில். திருத்த வேண்டியது ஒரே ஒரு குறி. நிரலை இடையிடையே நிறுத்தி, மாறிகளின் (மதிப்புகளைத் தாங்கும் பெயர்களின்) மதிப்பை வரிவரியாகப் பார்த்து, அந்தக் குறி எங்கே இருக்கிறதென்று கண்டறிவதில்தான் பொழுதெல்லாம் போகிறது. அந்தத் தேடலைப் 'பிழை திருத்தம்' அடியோடு விட்டுவிடுகிறது. நகரத்தார் கணக்கில் ஐந்தொகை ஒத்துவராதபோது, கணக்குப்பிள்ளை பேரேட்டைப் பின்னோக்கிப் புரட்டி, எந்தப் பற்று யார் பெயரில் மாறி ஏறியது என்றுதான் தேடுவார். கூட்டுத்தொகையை மட்டும் அழித்து எழுதினால் அதுவும் திருத்தம்தான். ஆனால் அதற்கு இந்த ஊரில் வேறு பெயர்.

'வழு' இதற்கென்றே அமைந்த சொல். வழுவுதல், நெறியிலிருந்து விலகுதல். இலக்கணத்துக்குரிய சொல்லாயிற்றே, எழுத்துப்பிசகுக்குத்தானே பொருந்தும் என்று சிலர் மறுக்கிறார்கள். 'நேற்று வருவான்' என்பதை நன்னூல் படித்தவர் காலவழு என்பார். நேற்று, வருவான் என்ற இரண்டு சொல்லிலும் குற்றமில்லை. சேர்ந்த சேர்க்கையில்தான் குற்றம். கம்பைலரைத் தாண்டிவந்து தவறான விடை தரும் நிரலின் நிலையும் இதுவே. 'வழுநீக்கம்' என்பாரோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. எனினும் பயிருக்கிடையே களையை இனங்கண்டு பிடுங்கும் பொருள் 'களைதல்' என்பதில் இருக்கிறது, 'நீக்கம்' என்பதில் இல்லை.

அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டும் மொழிபெயர்ப்பாளர்களால் வந்த வினை இது. 'எடிட்' என்பதற்கும் 'திருத்து', 'டீபக்' என்பதற்கும் 'திருத்து' என்றால், திரையின் ஒரே பட்டியில் (மெனுவில்) இரண்டும் வரும்போது மாணவர் எதைச் சொடுக்குவார்? 'தொகு' என்பதும் இப்படித்தான் ஓரிடத்தில் எடிட் ஆகிறது, இன்னோரிடத்தில் கம்பைல் ஆகிறது.

எழுதும்போது வல்லெழுத்து மிகாமல் 'வழு களைதல்' என்று பிரித்தே எழுதுக. சேர்த்து ஒற்றிட்டால் 'வழுக்களை' என்ற பன்மையாகக் கண் படித்துவிடும்.