கன்ட்ரோல்: கட்டுப்பாடா, உறுப்பா?

விண்டோஸில் மேசைக் கணினிக்கு நிரல் எழுதுவோர் பொத்தான், எழுத்துப்பெட்டி, பட்டியல்பெட்டி எல்லாவற்றையும் பொதுவாகக் 'கன்ட்ரோல்' என்பர். அவற்றை முன்கூட்டியே படிவத்தில், அதாவது நிரலின் சாளரத்தில், வரைந்து வைக்காமல், நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே குறிமுறையால் உண்டாக்கினால் அது 'டைனமிக் கன்ட்ரோல்'. இதனை 'இயங்குநிலைக் கட்டுப்பாடு' எனத் தமிழாக்குவதில் இரு சொல்லுமே பொருந்தவில்லை என்பது என் கருத்து.

சேலம் பக்கத்துக் கிராமங்களில் கட்டுப்பாடு என்றதும் ஊர்க் கட்டுப்பாடுதான் நினைவுக்கு வரும். அதை மீறியவர்கள் உண்டு. சுட்டியால் சொடுக்கியவர் எவருமில்லை. ஆங்கிலச் சொல்லின் வேர் இடைக்கால இலத்தீனின் 'கோன்ட்ராரோத்துலுஸ்'. 'கோன்ட்ரா' என்றால் எதிர், 'ரோத்துலுஸ்' என்றால் சுருள். அதாவது, கணக்குச் சுருளைச் சரிபார்க்க எதிரே வைத்திருந்த இரண்டாம் பிரதி. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த அச்சொல், சரிபார்த்தலிலிருந்து அடக்கியாளுதலுக்கும், அங்கிருந்து பொறியை இயக்கும் திருகு, நெம்புகோல் போன்ற பாகங்களுக்கும் பொருளாகி, கடைசியில் திரைக்கு வந்து சேர்ந்தது. நாம் மொழிபெயர்த்ததோ நடுவிலிருக்கும் அடக்கியாளுதலை.

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்துக்கு எடைக்கணக்கு நிரல் எழுதியபோது சொல்லின் அந்த ஆதிப் பொருளை நேரிலேயே கண்டேன். மாலையில் பழ மூட்டைகளை நிறுக்கும்போது மேஸ்திரி தன் குறிப்பேட்டில் ஒரு முறையும், எழுத்தர் பேரேட்டில் ஒரு முறையும் கிலோவைப் பதிவார்கள். கூலி நாளில் இரண்டையும் ஒப்பிடுவார்கள். பறிக்க வருவோர் எண்ணிக்கை நாளுக்கு நாள் மாறும். இன்று 23 பேர், நாளை 31 பேர் என்றால் எத்தனை பெட்டிகளை முன்கூட்டியே வரைந்து வைப்பது? ஆகவே அன்றைய வருகைப் பட்டியலைப் படித்து, ஆளுக்கொரு பெயர்ச்சீட்டு, கிலோ எழுத ஒரு பெட்டி, பதிய ஒரு பொத்தான் என நிரலே ஆக்கிக்கொள்ளும்படி எழுதினேன்.

சி ஷார்ப் என்னும் நிரல்மொழியில் 'நியூ' என்று எழுதினால் பொத்தான் நினைவகத்தில் பிறந்துவிடும், ஆனால் 'கன்ட்ரோல்ஸ்.ஆட்' வழியாகப் படிவத்தில் சேர்த்தால்தான் கண்ணுக்குத் தெரியும். இடம் குறிக்க மறந்தால் எல்லாம் இடப்புற மேல்மூலையில் ஒன்றன்கீழ் ஒன்றாக மறைந்து, முதலில் சேர்த்தது மட்டும் தெரியும். இதைவிட மோசமான பிழை ஒன்றை நானே செய்தேன். பெயரைத் தாங்கும் மாறியை (வேரியபிள்), ஆளுக்கொரு முறை திரும்ப ஓடும் சுழற்சிக்கு (லூப்) வெளியே அறிவித்திருந்ததால், எந்தப் பொத்தானைச் சொடுக்கினாலும் கிலோ முழுவதும் பட்டியலின் கடைசிப் பெண்ணின் கணக்கிலேயே ஏறியது. அவர் அன்று ஒருவரே தோட்டம் முழுவதையும் பறித்தவராகத் திரையில் நின்றார்! கூடுதல் தகவலை ஒட்டிவைக்க ஒவ்வொரு பொத்தானுக்கும் உள்ள 'டேக்' பண்பில் உரியவரின் எண்ணை வைத்த பின்னரே கணக்கு நேரானது.

'டைனமிக்' என்பதன் வேர், ஆற்றல் எனப் பொருள்படும் கிரேக்கத்தின் 'டுனாமிஸ்'. ஆனால் இங்கே பொத்தான் அசைவதும் இல்லை, ஆற்றல் காட்டுவதும் இல்லை; அது எப்போது பிறந்தது என்பதே செய்தி. வரையும்போது பிறந்தால் வடிவமைப்பு நேரம், ஓடும்போது பிறந்தால் இயக்க நேரம். எனவே 'இயக்கநேர' என்ற அடையே தெளிவானது.

கன்ட்ரோலுக்கு 'இடைமுக உறுப்பு' என்பதை நான் கொள்வேன். பொருள்நோக்கு (ஆப்ஜெக்ட் ஓரியன்டட்) நிரலாக்கத்திலும் 'மெம்பர்' என்பதற்கு 'உறுப்பு' வழங்குவதால், 'இடைமுக' என்ற முன்னொட்டை விட்டுவிடக் கூடாது. 'முகவுறுப்பு' எனச் சுருக்கலாம்தான். கண்ணும் மூக்கும் குறுக்கே வரும். ஆக, முழுத்தொடர் 'இயக்கநேர இடைமுக உறுப்பு'. நீளம்தான், ஆயினும் பொருள் வழுவாது.

பொத்தானை மட்டும் மாற்ற வேண்டியதில்லை. போர்த்துக்கீசியரின் 'பொத்தாவ்ங்' சட்டையோடு வந்து தமிழாகி வெகுகாலம் ஆயிற்று. அம்மொழியில் அதற்கு மொட்டு என்றும் பொருளுண்டு.