டச்பேட் என்கிற தொடுபலகை: சொல்லும் பழுதும்

மடிக்கணினியில் விசைப்பலகைக்குக் கீழே, உள்ளங்கை அளவில் வழவழப்பாக இருக்கும் பகுதிதான் டச்பேட். விரலை அதன்மேல் நகர்த்தினால் திரையில் அம்புக்குறி நகரும். தட்டினால் கிளிக் ஆகும். இரண்டு விரலால் இழுத்தால் பக்கம் மேலும் கீழும் ஓடும். தமிழில் இதைத் தொடுபலகை என்று சொல்லலாம், சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. அந்தச் சொல்லில் உள்ள 'தொடு'வைச் சரியாகப் புரிந்துகொண்டால், கருவி திடீரென நின்றுபோகும்போது எங்கே தேடுவது என்பதும் பாதி புரிந்துவிடும்.

முதலில் ஆங்கிலப் பெயர். டச் என்றால் தொடுதல். பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். பேட் 16ஆம் நூற்றாண்டில் படுப்பதற்கான வைக்கோல் கட்டைக் குறித்தது. அப்புறம் மெத்தென்ற திண்டு, பின்னர் எழுதுவதற்காக ஒரு பக்கம் ஒட்டிய தாள்கட்டு என்று பொருள் விரிந்தது. நோட்பேட், டச்பேட் இரண்டிலும் இருப்பது இந்தக் கடைசிப் பொருளின் சாயல்தான்: கைக்கு அடியில் தட்டையாகக் கிடக்கும் பரப்பு.

டிராக்பேட் என்றும் ஒரு பெயர் உண்டு. ஆப்பிள் கணினி வைத்திருப்பவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். 1991இல் வந்த பவர்புக் மடிக்கணினிகளில் விசைப்பலகைக்குக் கீழே டிராக்பால் என்ற உருளும் பந்து இருந்தது. 1994இல் பவர்புக் 500 வரிசையில் பந்தை எடுத்துவிட்டுத் தட்டையான பரப்பை வைத்தார்கள். பந்து போனது, டிராக் மட்டும் பெயரில் தங்கிவிட்டது. அந்தப் பரப்பின் நுட்பம் ஜார்ஜ் கெர்ஃபைட் 1980களின் இறுதியில் உருவாக்கியது. அதற்கு முன்பே 1983இல் கேவிலன் எஸ்சி என்ற மடிக்கணினியில் விசைப்பலகைக்கு மேலே தொடுபரப்பு ஒன்று இருந்திருக்கிறது. கீழே கொண்டுவந்து, கை வைக்க இருபுறமும் இடம் விட்ட அமைப்புதான் நிலைத்தது. டச்பேட், டிராக்பேட் இரண்டும் ஒரே பொருளைக் குறிப்பதால் தமிழில் இரண்டு சொல் தேவையில்லை.

இனி 'தொடு'. தீண்டுதல், தோண்டுதல், தொடங்குதல், அம்பு எய்தல், அணிதல் என்று பழந்தமிழில் இதற்குப் பல பொருள். "தொட்டனைத் தூறும் மணற்கேணி" என்ற குறளில் தொட்ட என்றால் தோண்டிய. இன்றைய வழக்கில் தீண்டுதல் என்ற பொருளே முன்னால் நிற்கிறது. டச்பேடுக்குப் பொருந்துவதும் அதுதான், அதுவும் மிகத் துல்லியமாகப் பொருந்துகிறது. இந்தப் பரப்புக்கு அழுத்தம் தேவையில்லை. மேலுறைக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய மின்கடத்திக் கோடுகள் ஓடுகின்றன. அவற்றுக்கிடையே சிறிய மின்புலம் இருக்கும். நம் உடல் மின்சாரம் கடத்தும் என்பதால், விரல் படும் இடத்தில் அந்தப் புலம் கொஞ்சம் மாறும்; மின்தேக்குத் திறன் மாறுகிறது என்பார்கள். உள்ளே இருக்கும் சிப் எந்தக் கோட்டில் மாற்றம் என்று ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறது. பேனாவின் முனையாலோ நகத்தாலோ எவ்வளவு அழுத்தினாலும் அம்புக்குறி நகராததற்குக் காரணம் இதுதான். அழுத்தும்போது 'டிக்' என்று கேட்பது பெரும்பாலான கணினிகளில் பரப்புக்கு அடியில் உள்ள தனி பொத்தான். உணர்வது ஒன்று, அழுந்துவது இன்னொன்று.

அடுத்து, பேடுக்கு எதைப் போடுவது? தொடுதளம், தொடுதிட்டு, தொடுபட்டை என்றெல்லாம் வைக்கலாம். தளம் ஏற்கெனவே இணையதளம், இயங்குதளம் என்று பல வேலை பார்க்கிறது. திட்டு என்றால் மேடு நினைவுக்கு வருகிறது. பட்டை நீண்டு ஒடுங்கியது. திண்டு என்று நேரடியாக மாற்றினால் கணினியில் தலைசாய்ப்பது போலாகிவிடும். பலகைக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. கரும்பலகை, அறிவிப்புப் பலகை என்று எழுதும் பரப்புகளுக்கு அந்தச் சொல் ஏற்கெனவே பழகியிருக்கிறது. பக்கத்திலேயே விசைப்பலகை வேறு இருக்கிறது. மேலே விசைப்பலகை, கீழே தொடுபலகை என்றால் முதல்முறை கேட்பவருக்கும் எதைச் சொல்கிறோம் என்று விளங்கும்.

எழுதும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். விசைப்பலகையில் ப் வருகிறது; தொடுபலகையில் வராது. விசைகளை உடைய பலகை என்று விரிவதால் அங்கே வல்லினம் மிகுகிறது. தொடுபலகையோ வினைத்தொகை: தொட்ட பலகை, தொடுகிற பலகை, தொடும் பலகை என்று மூன்று காலத்துக்கும் விரியும். வினைத்தொகையில் வல்லினம் மிகாது. தொடுதிரை, சுடுகாடு, பாய்புலி எல்லாம் இப்படித்தான். ஆகவே தொடுப்பலகை என்று எழுதுவது பிழை.

சரி, தொடுபலகை வேலை செய்யவில்லை என்கிறோம். இந்த 'வேலை செய்யவில்லை'யில் இரண்டு நிலைகள் கலந்திருக்கின்றன. ஒன்று முடக்கம்: கருவி நன்றாக இருக்கிறது, யாரோ அல்லது எதுவோ அதை அணைத்து வைத்திருக்கிறது. மற்றொன்று பழுது: உள்ளே ஏதோ கெட்டிருக்கிறது. இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் கணினியைத் திறப்பது வீண் வேலை. முதலில் முடக்கத்தைத் தேட வேண்டும்.

முடக்கத்துக்கு முதல் காரணம் கைதவறி அழுத்திய விசை. பல மடிக்கணினிகளில் எஃப் வரிசை விசைகளில் ஒன்றில் தொடுபலகைப் படம் சின்னதாக அச்சிட்டிருக்கும். எஃப்என் விசையுடன் சேர்த்து அதை அழுத்தினால் அணையும், மறுபடி அழுத்தினால் உயிர் வரும். சில கணினிகளில் பரப்பின் இடது மேல் மூலையில் இருமுறை தட்டினாலே அணைந்துவிடும். அங்கே ஒரு சிறு விளக்கு இருந்தால் அதுதான் அடையாளம்.

அடுத்த காரணம் வெளியே செருகிய மவுஸ். மவுஸ் இணைந்திருக்கும்போது தொடுபலகை தானாக அணைய வேண்டும் என்று ஓர் அமைப்பு விண்டோஸிலும் உண்டு, மேக்கிலும் உண்டு. கம்பியில்லா மவுஸின் சிறு ரிசீவர் பக்கவாட்டில் செருகியபடியே மறந்துபோயிருக்கலாம், புளூடூத் மவுஸ் பைக்குள் விழித்திருக்கலாம். கழற்றிப் பாருங்கள். விண்டோஸ் 11இல் அமைப்புகளுக்குள் புளூடூத் மற்றும் சாதனங்கள் பகுதியில் தொடுபலகைக்கென்றே ஒரு பக்கம் இருக்கிறது. அம்புக்குறி நகராமல் அங்கே எப்படிப் போவது என்று திகைக்க வேண்டாம்: விண்டோஸ் விசையுடன் ஐ எழுத்தை அழுத்தினால் அமைப்புகள் திறக்கும்; டேப் விசையும் அம்பு விசைகளும் கொண்டு நகரலாம்; ஸ்பேஸ் விசை சுவிட்சைப் போடும். அந்தப் பக்கமே காணவில்லை என்றால் இயங்குதளம் கருவியைக் கண்டுகொள்ளவில்லை என்று பொருள்.

அப்போது இயக்கியைப் பார்க்க வேண்டும். இயக்கி என்றால் டிரைவர், கருவிக்கும் இயங்குதளத்துக்கும் நடுவே நிற்கும் மென்பொருள். விண்டோஸ் விசையும் எக்ஸும் அழுத்தி வரும் பட்டியலிலிருந்து டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் மவுஸ் வகைக் கருவிகள் என்ற பிரிவிலோ, மனித இடைமுகக் கருவிகள் என்ற பிரிவிலோ தொடுபலகை இருக்கும். மஞ்சள் முக்கோணம் தெரிந்தால் அதை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் கொடுக்கலாம். பெரும்பாலும் விண்டோஸ் தானே மறுபடி நிறுவிக்கொள்ளும். இல்லையென்றால் கணினி நிறுவனத்தின் தளத்தில் அதே மாடலுக்கான இயக்கியை எடுக்க வேண்டும். இங்கே ரீஸ்டார்ட் என்று குறிப்பாகச் சொல்கிறேன், காரணம் இருக்கிறது. விண்டோஸில் ஷட்டவுன் கொடுத்தாலும், விரைவுத் தொடக்கம் என்ற வசதி இயங்கினால் இயங்குதளத்தின் மையப் பகுதியின் நிலை வட்டில் சேமிக்கப்பட்டு அடுத்த முறை அப்படியே திரும்பி வரும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும்.

பயாஸ் என்பது கணினியைப் போட்டதும் விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை மென்பொருள். அதன் அமைப்பில் தொடுபலகையை அணைக்க ஒரு வரி சில கணினிகளில் உண்டு. பயாஸ் திரையிலேயே அம்புக்குறி நகரும் கணினி என்றால் நல்ல சோதனை வாய்த்தது: அங்கே நகர்ந்தால் கருவி நலம், கோளாறு மென்பொருளில்.

பழுது போலத் தோன்றி பழுதில்லாத சிலவும் உண்டு, இவற்றுக்கெல்லாம் விடை 'தொடு'வில்தான் இருக்கிறது. ஈர விரல், பரப்பில் படிந்த எண்ணெய்ப் பசை, கையுறை, தடித்த ஒட்டுத்தாள் எல்லாம் மின்புலத்தைக் கெடுக்கும். கணினியை அணைத்துவிட்டு, லேசாக ஈரமான மெல்லிய துணியால் துடைத்து உலரவிட்டால் போதும். சார்ஜரில் இருக்கும்போது மட்டும் அம்புக்குறி துள்ளினால் சார்ஜரிலிருந்து வரும் மின்இரைச்சலைச் சந்தேகிக்க வேண்டும். சார்ஜரைக் கழற்றியதும் சரியானால் தொடுபலகையில் குறையில்லை. வேறு சார்ஜரும் நில இணைப்புள்ள சுவர்ச் செருகியும் வேண்டும்.

இவையெல்லாம் பார்த்தும் நகரவில்லையா? அப்போது உள்ளே உள்ள தட்டையான பட்டைக் கம்பி தளர்ந்திருக்கலாம். கணினி கீழே விழுந்திருந்தால், அல்லது அண்மையில் திறந்து மூடியிருந்தால் இதற்கு வாய்ப்பு அதிகம். பழுதுபார்ப்பவரிடம் அம்புக்குறி நகரவில்லையா, கிளிக் மட்டும் விழவில்லையா என்று பிரித்துச் சொல்லுங்கள்.

கிளிக் மட்டும் இறுகிப்போய், தொடுபலகையின் ஓரம் சற்றே மேலெழும்பியிருந்தால் அதை மென்பொருளில் தேடாதீர்கள். பல மடிக்கணினிகளில் பேட்டரி அதற்கு நேர் கீழேயோ அருகிலேயோ இருக்கிறது. லித்தியம் பேட்டரி உள்ளே வாயு சேர்ந்து வீங்கும்போது தொடுபலகையைத்தான் முதலில் தள்ளும். அதை அழுத்திச் சமன்படுத்த முயலக் கூடாது, சார்ஜ் போடக் கூடாது. துளைபட்டால் தீப்பிடிக்கும். கணினியை அணைத்து, எளிதில் எரியும் பொருள்களிலிருந்து தள்ளி வைத்து, பேட்டரியை மாற்றத் தெரிந்தவரிடம் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.