ஸ்நேர் அடி எங்கே போனது?

பிடித்த ராக் குழு புது ஆல்பம் வெளியிட்டால் முதல் நாள் முழுக்கப் பாட்டைப் பற்றிய பேச்சு. இரண்டாம் நாள் ஒலித் தரத்தைப் பற்றிய சண்டை தொடங்கிவிடும். "என்ன ஒரு பவர், சுவரே அதிருது" என்பார் ஒருவர். "மூணு பாட்டுக்கு மேல கேட்க முடியல, காது களைச்சுப் போகுது" என்பார் இன்னொருவர். மூன்றாமவர் வந்து, சிடியைத் தூக்கிப் போட்டுவிட்டு எல்பி தட்டு வாங்கச் சொல்வார். இவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை. மூவர் காதிலும் விழுந்தது உண்மையிலேயே விழுந்ததுதான். அந்த ஒலிக்குள் என்ன நடந்திருக்கிறது என்பதைப் பார்த்தால் மூன்று பேச்சுக்கும் காரணம் கிடைத்துவிடும்.

இந்தச் சண்டை மிகப் பெரிதாக வெடித்தது 2008 செப்டம்பரில். அமெரிக்க ராக் குழு மெட்டாலிகாவின் 'டெத் மேக்னெடிக்' ஆல்பம் வெளிவந்த அதே சமயத்தில், அதன் பாடல்கள் 'கிட்டார் ஹீரோ' வீடியோ கேமுக்கும் வந்தன. ஒரே பாடல், ஒரே வாசிப்பு. ஆனால் கேமில் கேட்டவர்களுக்கு டிரம்ஸ் துள்ளியது, சிடியில் கேட்டவர்களுக்குக் கரகரத்தது. ரசிகர்கள் இரண்டையும் கணினியில் திறந்து அலைவடிவத்தை அருகருகே வைத்தார்கள். கேம் பதிப்பில் ஒவ்வொரு டிரம் அடியும் ஊசி போல நீட்டிக்கொண்டு நின்றது. சிடி பதிப்பு செங்கல் மாதிரி, மேலும் கீழும் வெட்டிவிட்ட ஒரே பட்டை. ஆல்பத்தை மறுபடி மிக்ஸ் செய்ய, அதாவது தனித்தனியாகப் பதிந்த வாத்தியங்களையும் குரலையும் புதிதாகக் கலக்கக் கோரிப் பல்லாயிரம் பேர் கையெழுத்திட்டார்கள். மாஸ்டரிங், அதாவது கலந்த ஒலிக்கு வெளியீட்டுக்கு முந்தைய கடைசி மெருகு, செய்த டெட் ஜென்சன், தன் கைக்கு வரும் முன்பே மிக்ஸ்கள் நசுக்கப்பட்டிருந்தன என்று ஒரு ரசிகருக்கு எழுதியதும் வெளியே வந்தது.

கேமுக்கு மட்டும் ஏன் நல்ல ஒலி? விளையாடுபவர் தவறான பொத்தானை அழுத்தினால் கிட்டார் மட்டும் நின்றுபோக வேண்டும், டிரம்ஸ் தொடர வேண்டும். அதற்காக வாத்தியங்களைத் தனித்தனித் தடங்களாகக் கொடுத்திருந்தார்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்த பிறகு கடைசியில் நடக்கும் அந்த நசுக்கல் அந்தத் தடங்களுக்கு நடக்கவில்லை.

சரி, நசுக்கல் என்றால் என்ன?

சிடியில் இருப்பது எண்களின் வரிசை. ஒரு நொடிக்கு, ஒரு சேனலுக்கு, 44,100 எண்கள். ஒவ்வொன்றும் மைனஸ் 32,768 முதல் 32,767 வரை இருக்கலாம். 32,767-க்கு மேல் எண் கிடையாது. அதுதான் கூரை. ராக் பாட்டில் அந்தக் கூரையை முதலில் தொடுவது பெரும்பாலும் 'டப்' என்று வெடிக்கும் ஸ்நேர் டிரம்மும், காலால் மிதித்து அடிக்கும் பெரிய பேஸ் டிரம்மும்தான். நசுக்காத மிக்ஸில் ஒரு ஸ்நேர் அடியின் உச்சம், பாட்டின் சராசரி அளவைவிட 15 டெசிபெல்லுக்கு (சத்தத்தை அளக்கும் அலகு) மேலும் உயர்ந்து நிற்கும். கண் இமைக்கும் நேரத்தில் சட்டென எழுந்து அடங்கிவிடும் உச்சம் அது. பாட்டு முழுவதையும் இன்னும் சத்தமாக்க வேண்டும், ஆனால் ஸ்நேர் ஏற்கெனவே கூரையைத் தொட்டுவிட்டது. இப்போது ஒரே வழி, ஸ்நேரின் தலையைத் தட்டிவிட்டு மற்றதையெல்லாம் மேலே தள்ளுவது. லிமிட்டர் என்ற கருவி செய்வது இதைத்தான். உச்சம் வருவதைக் கொஞ்சம் முன்கூட்டியே பார்த்து, அந்த நொடித்துளியில் மட்டும் ஒலியைக் குறைத்து, உடனே ஏற்றிவிடும். அளவோடு பயன்படுத்தினால் யாருக்கும் தெரியாது. அளவு மீறினால் டிரம் அடிக்கும் போதெல்லாம் கிட்டாரும் குரலும் சேர்ந்து உள்ளே போய் வெளியே வரும். மூச்சு வாங்குவது போலக் கேட்கும்.

அதுவும் போதாமல் இன்னும் தள்ளினால் கிளிப்பிங். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் இப்படிப்பட்ட பாட்டைத் திறந்து, ஒரு ஸ்நேர் அடிக்குள் நன்றாகப் பெரிதாக்கிப் போங்கள். வளைந்து ஏற வேண்டிய கோடு ஏறிக்கொண்டே வரும், திடீரெனத் தட்டையாகிவிடும். 32,767, 32,767, 32,767 என்று பத்து எண்கள் ஒரே மாதிரி. அப்புறம் இறங்கத் தொடங்கும். பத்து எண்கள் என்பது கால் மில்லிசெகண்ட்கூட இல்லை. அவ்வளவு சிறிய வெட்டு காதுக்கு எப்படித் தெரியும்? வளைவான அலையின் தலையைத் தட்டையாக்கினால் அதில் முன்பு இல்லாத புதிய அதிர்வெண்கள் பிறக்கின்றன. மூல அதிர்வெண்ணின் மூன்று மடங்கு, ஐந்து மடங்கு, ஏழு மடங்கு என்று மேலே போகும் சரங்கள் அவை. சிடியால் 22,050 ஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் பிடித்து வைக்க முடியாது. கணினிக்குள் வெட்டும்போது அந்த எல்லையைத் தாண்டும் சரங்கள் மடங்கிக் கீழே திரும்பி வந்து, பாட்டின் சுருதிக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். சில பாட்டுகளில் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான வெட்டுகள். அந்தக் களைப்பு கற்பனை இல்லை.

"ராக் கிட்டாரே டிஸ்டார்ஷன்தானே, ஒலியை வேண்டுமென்றே சிதைப்பதுதானே, அதற்குப் போய் ஏன் கவலை?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. கிட்டார் ஆம்ப்ளிஃபயர் செய்வதும் தலையைத் தட்டும் வேலைதான், அது இல்லாமல் ராக் இசையே இல்லை. ஆனால் அங்கே வெட்டுப்படுவது கிட்டார் மட்டும். முழு மிக்ஸையும் வெட்டினால், பேஸ் டிரம் மிதிபடும் ஒவ்வொரு முறையும் அதே கணத்தில் ஒலிக்கும் குரலும் சிம்பலும் சேர்ந்து வெட்டுப்படும். ஒன்றின் அதிர்வு இன்னொன்றோடு கலந்து, இரண்டிலும் இல்லாத மூன்றாவது ஓசை வரும். நீட்டிப் பாடும் ஒரு சொல் டிரம் தாளத்துக்கு ஏற்பச் சொரசொரப்பதைக் கேட்டிருந்தால், அது இதுதான்.

பிறகு ஏன் இப்படிச் செய்கிறார்கள்? விடை நம் காதில் இருக்கிறது. 1933-ல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃபிளெட்சரும் மன்சனும், ஒலி குறையக் குறையக் காதுக்குத் தாழ்ந்த ஸ்வரங்கள் சீக்கிரம் காணாமல் போகின்றன என்பதை அளந்து காட்டினார்கள். திருப்பிச் சொன்னால், சத்தம் கூடினால் பேஸ் தானாக நிறைகிறது, ஒலி முழுமையாகத் தோன்றுகிறது. ஒரே பாட்டை ஒரு டெசிபெல் கூட்டி மறுபடி போட்டால் பலருக்கு "சத்தமாக இருக்கிறது" என்று தோன்றாது, "தெளிவாக இருக்கிறது" என்றுதான் தோன்றும். காசு போட்டால் தட்டைப் பாடவைக்கும் ஜூக்பாக்ஸ் பெட்டிகளின் காலத்திலேயே இசைத்தட்டுக்காரர்கள் இதைப் புரிந்துகொண்டார்கள். பெட்டியின் வால்யூம் எல்லாத் தட்டுக்கும் ஒன்றுதான், அதனால் சத்தமாக வெட்டிய தட்டு எடுபட்டது. ஆனால் எல்பி தட்டில் பள்ளத்தை ஓர் அளவுக்கு மேல் அகலமாக்கினால் ஊசி துள்ளிவிடும், தட்டில் இடமும் போதாது. சிடியில் அந்தத் தடை இல்லை. 1990களில் கணினி லிமிட்டர்கள் வந்ததும் போட்டி கைமீறியது.

ஆகவே முதலில் சொன்ன "என்ன ஒரு பவர்" ரசிகர் சொன்னதும் சரிதான். பழைய ஆல்பத்தைக் கேட்டுவிட்டு வால்யூமைத் தொடாமல் புதியதைப் போட்டால் புதியது வென்றுவிடும். ஆனால் அந்தப் போட்டி நியாயமானதில்லை. இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்து கேட்காதவரை எந்தத் தீர்ப்பையும் நான் நம்புவதில்லை, என் சொந்தத் தீர்ப்பையும் சேர்த்து.

2006-ல் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் காது உணரும் சத்தத்தை அளக்க ஒரு முறையை வகுத்தது. அதன் அலகு லஃப்ஸ். கூரை பூஜ்யம், அதற்குக் கீழே உள்ளதெல்லாம் மைனஸ். ஸ்பாட்டிஃபை வழக்கமாக எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 லஃப்ஸ் அளவுக்குச் சமன்செய்கிறது. இதன் விளைவு எனக்கு மிகப் பிடித்த கணக்கு. நசுக்கிய ஆல்பத்தின் சராசரி மைனஸ் 6 என்று வைத்துக்கொள்வோம். அது 8 டெசிபெல் குறைக்கப்படும். கூரையைத் தொட்டுக்கொண்டிருந்த அதன் ஸ்நேர் இப்போது கூரைக்கு 8 டெசிபெல் கீழே. பக்கத்தில் நசுக்காத ஆல்பம், சராசரி மைனஸ் 14, ஸ்நேர் உச்சம் மைனஸ் 1. அதை யாரும் தொடவில்லை. சராசரிச் சத்தம் இரண்டிலும் ஒன்றே, ஆனால் ஸ்நேரில் 7 டெசிபெல் வித்தியாசம், ஆற்றலில் ஐந்து மடங்கு. சத்தத்துக்காக டிரம்ஸைப் பலி கொடுத்தவருக்குச் சத்தமும் மிஞ்சவில்லை, டிரம்ஸும் மிஞ்சவில்லை.

எல்பி வாங்கச் சொன்னவர் விஷயம் கொஞ்சம் சிக்கல். ரசிகர்கள் டிஆர் என்ற அளவைக் காட்டி வாதாடுவார்கள். உச்சத்துக்கும் பலத்த பகுதிகளின் சராசரிக்கும் உள்ள இடைவெளி அது. சிடிக்கு 6, எல்பிக்கு 10 என்று வந்தால் எல்பிக்குத் தனி மாஸ்டரிங் நடந்தது என்று முடிவு கட்டுவார்கள். சில சமயம் அது உண்மைதான். ஆனால் சிடியின் அதே நசுக்கிய ஒலியைத் தட்டில் வெட்டினாலும் எண் ஏறும். வெட்டும்போதும் ஊசி படிக்கும்போதும் வெவ்வேறு அதிர்வெண்கள் மிகச் சிறிய அளவில் முன்பின்னாக நகர்கின்றன. அதனால் தட்டையாக இருந்த தலைகள் சாய்ந்து, ஒரு மூலை மேலே நீட்டிக்கொள்ளும். மீட்டர் அதைப் புது உச்சம் என்று எண்ணிவிடும். போன ஸ்நேர் அடி திரும்பி வரவில்லை, அளவுகோல்தான் ஏமாந்தது. எல்பியின் ஒலி பிடித்திருந்தால் தாராளமாக வாங்கலாம், எண்ணை மட்டும் ஆதாரமாகக் காட்ட வேண்டாம். சிடியைவிட நுணுக்கமான எண்களில் ஒலியைப் பதியும் 24 பிட் உயர்தரக் கோப்புக்குக் கூடுதல் பணம் கொடுப்பவர்களும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. உள்ளே இருப்பது அதே நசுக்கிய மாஸ்டர் என்றால், தட்டையான தலைகளை இன்னும் நுணுக்கமாக அளந்து கொடுப்பார்கள், அவ்வளவுதான்.

வெட்டிய தலையை மென்பொருளால் ஒட்ட முடியுமா? ஊகித்து வரையலாம். அங்கே என்ன இருந்தது என்ற தகவலே அழிந்துவிட்டதால் அது ஊகமாகவே இருக்கும். கனடாவின் ரஷ் குழு 2002-ல் வெளியிட்ட 'வேப்பர் டிரெய்ல்ஸ்' இப்படித்தான் ரசிகர்களின் புகாரில் வருடக்கணக்காகக் கிடந்தது. 2013-ல் குழு அதை மறுபடி வெளியிட்டது. வெறும் மாஸ்டரிங் செய்து பயனில்லை என்பதால், தனித்தனித் தடங்களுக்கே திரும்பிப் போய் முழு ஆல்பமும் புதிதாக மிக்ஸ் செய்யப்பட்டது. இரண்டு பதிப்புகளும் கிடைக்கின்றன. வால்யூமைச் சமன்செய்துவிட்டு ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு, டிரம்மர் நீல் பியர்ட்டின் ஸ்நேரை மட்டும் கேளுங்கள்.