நோயாளியின் கட்டிலருகே சுவிசேஷம் சொல்லப் போகிறவர்களுக்கு

மருத்துவமனைச் சாப்ளினாக, அதாவது நோயாளிகளைத் தேற்றும் போதகராக, இருப்பவர்களுக்கு இது பழகிப்போன காட்சிதான். ஆனாலும் போன வாரம் நடந்ததைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

சர்க்கரை நோய் முற்றி, முழங்காலுக்குக் கீழே கால் எடுக்கப்பட்ட ஒரு பெரியவர். இந்துக் குடும்பம். பக்கத்துக் கட்டிலில் இருந்த தங்கள் சபை விசுவாசியைப் பார்க்க வந்த ஒரு ஜெபக்குழு, அங்கே முடித்துக்கொண்டு இவர் பக்கம் திரும்பியிருக்கிறது. யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலையில் கை வைத்து, வார்டே திரும்பிப் பார்க்கும்படி ஜெபித்திருக்கிறார்கள். "நீங்க அறிக்கை பண்ணாத பாவம் ஏதோ இருக்குங்கய்யா, அதான் கர்த்தர் காலைத் தொட்டிருக்கார்" என்று சொல்லி, ஒரு கைப்பிரதியைத் தலையணைக்கடியில் செருகிவிட்டுப் போய்விட்டார்கள். அவர் மனைவி அப்போது இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அதன்பிறகு அந்தப் பெரியவர் எதுவும் சாப்பிடவில்லை என்று டூட்டி சிஸ்டர் சொன்னார். மறுநாள் நான் போனேன். கையிலிருந்த வேதாகமத்தைப் பார்த்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. இரண்டு பஸ் மாறி, கைக்காசு செலவழித்து வருகிறவர்கள். அவர்களை ஓட்டுவது ஒரு பயம். "சொல்லாமல் விட்டால் இரத்தப்பழி நம் கையில்" என்று சபைகளில் திரும்பத் திரும்பப் பிரசங்கிக்கிறார்களே, அந்தப் பயம். வசனம் எசேக்கியேல் 3-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. சரி, 18-ஆம் வசனத்தை மனப்பாடமாகச் சொல்கிறோம், அதற்கு முந்தைய வசனத்தை ஏன் விட்டுவிடுகிறோம்? "உன்னை இஸ்ரவேல் வம்சத்தாருக்குக் காவலாளனாக வைத்தேன்" என்றுதான் அது சொல்கிறது. கர்த்தரோடு உடன்படிக்கை செய்து, அதை மீறி, பாபிலோனில் சிறைப்பட்டுக் கிடந்த சொந்த ஜனத்திடம் ஒரு தீர்க்கதரிசி அனுப்பப்படுகிறார். டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும் முன்பின் தெரியாத ஒருவரைத் தட்டி எழுப்பி, நரகத்தைப் பற்றிப் பேசச் சொல்லும் கட்டளை அதில் எங்கே இருக்கிறது? மூன்று நிமிடத்தில் ஒரு ஆத்துமாவை மீட்டாக வேண்டும் என்ற பாரத்தை இயேசு யார் தலையிலும் வைக்கவில்லை. மீட்பது அவர் வேலை. நாம் சாட்சிகள், அவ்வளவுதான். இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால் ஜெபக்குழுக்களின் அவசரத்தில் பாதி அடங்கிவிடும்.

இயேசு வியாதிக்காரர்களிடம் எப்படிப் போனார் என்று சுவிசேஷங்களைத் திறந்து பார்க்கலாமே. பெதஸ்தா குளத்தருகே 38 வருஷம் வியாதியாய்க் கிடந்தவரிடம் அவர் முதலில் சொன்னது ஒரு கேள்வி: "சொஸ்தமாகவேண்டுமென்று விரும்புகிறாயா?" எரிகோவில் பர்திமேயுவுக்குப் பார்வை இல்லை என்பது ஊருக்கே தெரியும். அவரிடமும், "நான் உனக்கு என்னசெய்யவேண்டும் என்றிருக்கிறாய்?" என்று கேட்டார். சமாரியப் பெண்ணிடம் ஜீவத்தண்ணீரைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், தனக்குத் தாகம் என்று சொல்லித் தண்ணீர் கேட்டார். மகளைப் பறிகொடுத்த யவீருவின் வீட்டில் அழுது புலம்பிய கூட்டத்தை வெளியே அனுப்பிவிட்டு, பிள்ளையின் தாய் தகப்பனோடும் மூன்று சீஷர்களோடும் மட்டும் உள்ளே போனார். பிள்ளை எழுந்ததும் சாப்பிட ஏதாவது கொடுக்கச் சொன்னார். ஒரு வார்டில் நடந்துகொள்ளத் தேவையான எல்லாம் அந்த ஒரு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

பாவத்தால்தான் வியாதி என்று சொல்கிறவர்களுக்கு யோவான் சுவிசேஷத்தின் 9-ஆம் அதிகாரம் ஒன்றே போதும். பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவரைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீஷர்கள்தான் கேட்டார்கள். "அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்றார் இயேசு. உடனே எதிர்க்கேள்வி வரும். பெதஸ்தாவில் சுகமானவரிடம் "இனிப் பாவஞ்செய்யாதே" என்று சொன்னாரே? சொன்னார். எப்போது, எங்கே என்று பாருங்கள். அவர் சுகமாகி, படுக்கையை எடுத்துக்கொண்டு நடந்து போன பிறகு, தேவாலயத்தில் அவரைக் கண்டு சொன்னார். படுத்துக் கிடந்தபோது சொல்லவில்லை. அதோடு, மனுஷர் உள்ளத்தில் இருப்பதை அறிந்தவர் அவர். பத்து நிமிடம் முன்னால் வார்டுக்குள் நுழைந்த நமக்கு அந்தப் பெரியவரைப் பற்றி என்ன தெரியும்? அவர் கால் போனதற்குக் காரணம் ஆறாத புண்ணும் கட்டுப்படாத சர்க்கரையும். கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கிறது.

மாத்திரை விஷயத்தில் என்னால் மெதுவாகப் பேச முடியவில்லை. "விசுவாசம் இருந்தால் மருந்து எதற்கு?" என்று தயவுசெய்து யாரிடமும் சொல்லாதீர்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து வரலாம், உயிரே போகலாம். ஒரு கூட்டத்தில் சுகமாகிவிட்டாள் என்று சொல்லி மாத்திரையை நிறுத்திய ஒரு சின்னப் பெண்ணை ஐசியூவில் வெண்டிலேட்டரோடு பார்த்திருக்கிறேன். வெளியே அவள் அம்மா, "என் விசுவாசம் பத்தலையா ஐயா?" என்று கேட்டார். மாத்திரையை நிறுத்தச் சொன்னவர்கள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அங்கே இல்லை. பிணியாளிகளுக்கு வைத்தியன் வேண்டும் என்று சொன்னவர் இயேசுவேதான்.

இதையெல்லாம்விட யாரும் யோசிக்காத ஒன்று இருக்கிறது. கட்டிலில் இருப்பவரால் எழுந்து போக முடியாது. நிக்கொதேமு இராத்திரியில் தானாக வந்தான், தானாகப் போனான். பணக்கார வாலிபனிடத்தில் இயேசு அன்புகூர்ந்தார் என்று மாற்கு எழுதுகிறார், அவன் துக்கத்தோடு திரும்பிப் போனபோது பின்னாலேயே ஓடினார் என்று எழுதவில்லை. சுகமான பத்துக் குஷ்டரோகிகளில் ஒருவன்தான் நன்றி சொல்லத் திரும்பி வந்தான். மற்ற ஒன்பது பேரின் சுகத்தை அவர் பறித்துக்கொள்ளவில்லை. இவர்கள் எல்லாருக்கும் விலகிப்போக ஒரு வழி இருந்தது. கையில் ஊசியும் பக்கத்தில் யூரின் பையும் இருக்கிறவருக்கு அந்த வழி கிடையாது. அதிலும் மிஷன் ஆஸ்பத்திரி என்றால், வேண்டாம் என்று சொன்னால் கவனிப்பு குறைந்துவிடுமோ என்று பயந்தே "சரிங்க" என்று கும்பிடுவார்கள். அந்தக் கும்பிடை எண்ணி, இத்தனை பேர் இரட்சிக்கப்பட்டார்கள் என்று ஊழிய அறிக்கையில் எழுதுவது பொய்க்கணக்கு.

அரசியல் சாசனத்தின் 25-ஆவது பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அதற்குள் அடங்காது என்று 1977-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்துக்குப் பயந்து இதை எழுதவில்லை. சட்டமே இல்லாவிட்டாலும் நோயில் கிடப்பவரை மடக்குவது இயேசுவின் வழி இல்லை. வேலூரில் 1900-ல் மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கியதுதான் பிறகு சிஎம்சி என்னும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆனது. ஊழியங்கொள்ளும்படி வராமல் ஊழியஞ்செய்ய வந்தேன் என்ற இயேசுவின் வார்த்தையே இன்றைக்கும் அதன் இலட்சிய வாசகம். அங்கே போய்வந்த ஜனங்கள் இயேசுவைப் பற்றி அறிந்துகொண்டதில் பெரும்பங்கு வைத்தியத்தைப் பார்த்து அறிந்துகொண்டதுதான்.

அப்படியானால் வாயே திறக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். திறக்கலாம். "உங்களிலிருக்கிற நம்பிக்கையைக்குறித்து உங்களிடத்தில் விசாரித்துக் கேட்கிற யாவருக்கும்" பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்கிறார் பேதுரு, சாந்தத்தோடும் வணக்கத்தோடும் என்று சேர்த்தே சொல்கிறார். அவர்கள் கேட்கும்படி முதலில் நடந்துகொள்ளுங்கள். துணைக்கு ஆள் இல்லாத நோயாளிகள் ஒவ்வொரு வார்டிலும் இருக்கிறார்கள். சிஸ்டரிடம் கேட்டால் காட்டுவார். பிளாஸ்கில் வெந்நீர் பிடித்துக் கொடுங்கள், பார்மசி வரிசையில் அவருக்காக நில்லுங்கள், இரத்தம் தேவைப்பட்டால் கொடுங்கள். இதற்கும் ஒரு கைப்பிரதியை இணைத்துவிடாதீர்கள். அவராகவே ஒருநாள், "ஏன் தம்பி இவ்வளவு செய்றீங்க?" என்று கேட்டால், ஒளிக்காமல் சொல்லுங்கள். உங்கள் வாழ்க்கையில் இயேசு செய்ததைச் சொல்லுங்கள், அவருடைய சாமியைக் குறை சொல்லாமல் சொல்லுங்கள். களைப்பாகத் தெரிந்தால் பாதியில் நிறுத்துங்கள், நாளைக்குப் பேசலாம்.

ஜெபிக்கட்டுமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் சிரித்த முகத்தோடு எழுந்து வாருங்கள், வெளியே வந்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஜெபியுங்கள். சரி என்றால், எதற்காக ஜெபிக்க வேண்டும் என்றும் கேளுங்கள். மகளின் கல்யாணத்தைச் சொல்வார், ஆஸ்பத்திரி பில்லைச் சொல்வார். அதற்காக மட்டும், அவருக்குக் கேட்கும் அளவுக்கு, இரண்டு நிமிடம் ஜெபியுங்கள். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் கையைக் கழுவுங்கள். கீமோ நோயாளியைத் தொடாதீர்கள், அவர் உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும். ஆபரேஷன் கட்டின் மேலும் ஆக்சிஜன் வைத்திருப்பவருக்கும் ஜெப எண்ணெய் பூசாதீர்கள். குழுவாக வந்திருந்தால் இரண்டு பேர் மட்டும் உள்ளே வாருங்கள், அதுவும் பார்வை நேரத்தில்.