ஸ்பைக்குத் தமிழில் முகவரா, உளவாளியா, ஒற்றனா?

அடுத்த ஜேம்ஸ் பாண்ட் யார் என்ற பேச்சு பினாங்கிலும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. 1962இல் 'டாக்டர் நோ'வில் தொடங்கிய வரிசை 2021இல் 25ஆவது படத்தோடு நின்றிருக்க, அடுத்ததை டெனி வில்நெவ் இயக்கப்போவதாக அறிவிப்பும் வந்துவிட்டது. லிட்டில் இந்தியாவில் தே தாரிக் குடித்துக்கொண்டே இதைப் பேசிக்கொண்டிருந்தபோது, தமிழ்ப்பள்ளியில் படிக்கும் என் அக்கா மகள் கேட்டாள், "மாமா, சீக்ரெட் ஏஜெண்ட்டை ரகசிய முகவர்னு எழுதலாமா?"

வேண்டாம். ஏஜெண்ட் என்பது 'செய்' என்று பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. ஒருவர் சார்பில் இன்னொருவர் நின்று காரியம் செய்வது. காப்புறுதி முகவர், வீடு விற்றுத் தரும் முகவர் என்று நாம் சொல்வது இந்தப் பொருளுக்குச் சரியாகப் பொருந்துகிறது. ஆனால் மறைந்து போய்ச் சேதி அறிந்து வருகிறவர் முகவர் இல்லை. அவருக்கு நம்மிடம் மிகப் பழைய பெயர் ஒன்று இருக்கிறது, ஒற்றன்.

முதலில் பக்கத்து மொழிகளைப் பார்த்துவிடலாம். ஸ்பை என்ற ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சு வழியாக வந்தது, அதன் ஆழத்தில் இருக்கும் வேர் 'பார்' என்ற பொருளுடையது. அதே வேரின் கிளைதான் சமஸ்கிருத 'ஸ்பஷ்', ரிக் வேதத்தில் வருணனுடைய ஒற்றர்களுக்கு அந்தப் பெயர். மலாயில் மாத்தா என்றால் கண். போலீஸ்காரரை இங்கே பழைய ஆட்கள் மாத்தா என்பார்கள், இந்தோனேசியாவில் மாத்தா-மாத்தா என்றால் ஒற்றன். இன்றைய மலாய்ச் செய்திகளில் வரும் பெரிசிக் என்ற சொல்லுக்கு அடி ரிசிக், அதாவது நைசாக விசாரிப்பது. பெண் கேட்பதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டார் போய் மெல்ல விசாரிக்கிறார்களே, மெரிசிக், அதுவும் இதே அடிதான்!

தமிழ்ச் சொல் வேறு இடத்திலிருந்து கிளம்புகிறது. ஒற்றுதல் என்றால் ஒன்றின்மேல் ஒன்று படும்படி அழுத்துவது. கோயில் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம், வீங்கின காலுக்கு ஒத்தடம் கொடுக்கிறோம், அதன் எழுத்து வடிவம் ஒற்றடம். இதே வினைக்குத்தான் அகராதிகள் மறைவாக அறிதல் என்ற பொருளையும் தருகின்றன. தூர நின்று பார்ப்பவன் ஒற்றன் இல்லை, பகைவரோடு ஒட்டிப் பழகி அவர்களிடம் இருப்பதைத் தன்மேல் ஒற்றியெடுத்து வருகிறவனே ஒற்றன் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். எனக்கு இந்தச் சொல்லில் மிகவும் பிடித்ததே இதுதான்.

கண் என்ற எண்ணமும் தமிழில் இல்லாமல் இல்லை. திருக்குறளின் 59ஆம் அதிகாரம் ஒற்றாடல், அதன் முதல் குறளே ஒற்றையும் நூலையும் அரசனுக்கு இரண்டு கண்களாக வைக்கிறது. 'கடாஅ உருவொடு கண்ணஞ்சாது யாண்டும் உகாஅமை வல்லதே ஒற்று' என்கிறது 585. யாரும் சந்தேகப்படாத தோற்றம் வேண்டும், உற்றுப் பார்த்தாலும் அஞ்சக்கூடாது, எந்த நிலையிலும் வாயைத் திறக்கக்கூடாது. போகிற இடமெல்லாம் தன் பெயரை இரண்டு தடவை சொல்லும் பாண்ட் இந்த அளவுகோலுக்கு நிற்கமாட்டார், ஆனாலும் அவர் செய்யும் வேலைக்குப் பெயர் ஒற்றுதான்.

அப்புறம் வேவு. தொல்காப்பியம் வெட்சித் திணையில், ஆநிரை கவரப் போகும் இடத்தில், 'ஒற்றின் ஆகிய வேயே' என்கிறது. ஒற்று வேறு, அதனால் கிடைத்த சேதியாகிய வேய் வேறு. அந்த வேய்தான் இன்றைய வேவு, இப்போது பார்க்கும் செயலுக்கே அது பெயராகிவிட்டது. உளவு என்றால் உள்ளே இருக்கும் மறைபொருள், அதிலிருந்து வந்த உளவாளியும் தவறில்லை. புலனாய்வு என்பது மட்டும் குற்றம் நடந்தபின் துப்புத் துலக்கும் வேலை, அதை இங்கே கலக்க வேண்டாம். தூதனும் வேறு, அவன் தன்னை இன்னார் என்று சொல்லிக்கொண்டே போகிறவன்.

பினாங்கில் இருந்துகொண்டு இதை எழுதும்போது 1942ஐச் சொல்லாமல் விட முடியவில்லை. ஜப்பானியர் மலாயாவைப் பிடித்த அந்த ஆண்டு இந்தத் தீவில் சுவராஜ் பயிலகம் என்ற ஒற்றர் பயிற்சிப் பள்ளி நடந்தது, மலாயாவில் வாழ்ந்த இந்திய இளைஞர்களுக்கு இரகசியப் பணி பழக்கி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். நீர்மூழ்கிக் கப்பலில் போய் மலபார்க் கரையில் இறங்கிப் பிடிபட்டவர்களில் ஒருவரான வக்கம் அப்துல் காதர் 1943இல் சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். பிரிட்டிஷார் அவர்களை எதிரியான ஜப்பானின் கையாட்களாக நடத்தினார்கள், இந்தியா விடுதலை வீரர்களாக நினைக்கிறது. கையாள் என்றாலே அதில் வசை இருக்கிறது. ஒற்றன் என்ற சொல்லில் அது இல்லை, யார் பக்கத்து ஆளாக இருந்தாலும் அந்தச் சொல் பொருந்தும்.

"அப்போ ரகசிய ஒற்றன்னு எழுதட்டுமா?" என்றாள் அக்கா மகள். ரகசியம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது, தனியாகப் போட வேண்டியதில்லை. பெண்ணாக இருந்தால்? ஒற்றி என்றால் அடமானம் என்று ஆகிவிடும், அதனால் ஒற்றர் என்றே எழுதலாம். குறளில் ஆண் பெண் பாகுபாடே இல்லாமல் ஆளுக்கும் ஒற்று என்றுதான் வருகிறது.