எக்ஸ்பர்ட் விட்னஸ்: பார்க்காதவர் எப்படிச் சாட்சி?

மருத்துவ அலட்சிய வழக்குகளில் வரும் ‘எக்ஸ்பர்ட் விட்னஸ்’ என்பதை ‘நிபுணர் சாட்சி’ என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறோம். ஆனால் சாட்சி என்ற சொல்லுக்குள் ஒரு கண் இருக்கிறது. வடமொழியில் ‘ச’ என்றால் உடன், ‘அக்ஷ’ என்றால் கண்; நேரில் கண்டவர்தான் சாட்சி. இந்த நிபுணரோ எதையும் கண்டவரில்லை. அறுவை நடந்தபோது அவர் அந்த அறையிலேயே இல்லை. கேஸ் ஷீட், மயக்க மருந்துக் குறிப்பு, ஸ்கேன் படம் எல்லாவற்றையும் பிற்பாடு புரட்டிப் பார்த்து, ‘இந்த நிலையில் திறமையுள்ள மருத்துவர் என்ன செய்திருப்பார்’ என்று சொல்லத்தான் அவரைக் கூப்பிடுகிறார்கள். (வயிற்றுக்குள் பஞ்சை வைத்துத் தைத்திருந்தால், அது தவறு என்று சொல்ல நிபுணர் பெரும்பாலும் தேவைப்படமாட்டார்.)

ஆங்கிலத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. விட்னஸின் வேரான ‘விட்’ அறிவைக் குறிக்கும். எக்ஸ்பர்ட், ‘முயன்று பார்த்தவர்’ என்ற பொருளுள்ள இலத்தீன் சொல்லின் வழி வந்தது.

தமிழில் சாட்சிக்குப் பழைய பெயர் கரி. ‘இந்திரனே சாலுங் கரி’ என்கிறது 25ஆம் குறள். சரி, இன்று கரி என்றால் அடுப்புதான் நினைவுக்கு வரும். ஆனால் அதே அடியில் உள்ள ‘சால்’ இன்னும் உயிரோடு இருக்கிறது. போதுமாதல், தகுதி பெறுதல் என்று அதற்குப் பொருள். சான்று அதிலிருந்து வந்தது. கண் இல்லாத, தகுதி உள்ள சொல். அதனால் அவர் சொல்வதை ‘வல்லுநர் சான்று’ என்றும், அவரை ‘வல்லுநர் சான்றாளர்’ என்றும் எழுதலாம் என்பது என் கட்சி.

அப்புறம் அவர் அளந்து சொல்லும் ‘ஸ்டாண்டர்ட் ஆஃப் கேர்’. ‘பராமரிப்புத் தரம்’ என்று பெயர்த்தால் வார்டும் படுக்கை விரிப்பும்தான் கண்முன் வரும். இங்கே கேர் என்பது கவனம். கவனக்குறைவு என்கிறோமே, எதைவிடக் குறைவு? அந்த எல்லைக்கோடுதான் இது. ‘உரிய கவன அளவு’ பொருந்தும்.

அந்த அளவை யார் வைப்பது? 1957இல் இங்கிலாந்தில் போலம் வழக்கு. தசை தளர்த்தும் மருந்து கொடுக்காமல் மின் அதிர்வு சிகிச்சை செய்ததில் நோயாளிக்கு இடுப்பெலும்பு முறிந்தது. மருந்து கொடுப்பதா வேண்டாமா என்பதில் மருத்துவர்களே இரண்டுபட்டு நின்றார்கள். பொறுப்பான மருத்துவர் குழு ஒன்று ஏற்கும் முறையைப் பின்பற்றியிருந்தால் அது அலட்சியமாகாது என்று நீதிபதி ஜூரிக்கு விளக்கினார். நோயாளி தோற்றார். 1997இல் போலித்தோ வழக்கில்தான், வல்லுநரின் கருத்து தர்க்கத்துக்கு நிற்காவிட்டால் நீதிமன்றம் அதை ஒதுக்கலாம் என்று, அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை சொன்னது.