கோஷர் என்றால் புனிதமும் இல்லை, சுத்தமும் இல்லை

சமையல் குறிப்பு ஒன்றில் 'ஒரு தேக்கரண்டி புனித உப்பு' என்று இருந்தது. மூலத்தில் இருந்தது கோஷர் உப்பு. யூதச் சமய விதிகளுக்கு ஒத்துவருவதை, பெரும்பாலும் உணவை, குறிக்கும் சொல் கோஷர். அதற்குத் தமிழில் ஏற்கெனவே 'தூய உணவு', 'யூதர்களின் புனித உணவு', 'ரபி (யூத மதகுரு) மந்திரித்த உணவு' எல்லாம் பார்த்தாயிற்று, இனியும் சும்மா இருந்தால் அடுத்து 'கோஷர் பிரசாதம்' என்றுகூட யாராவது எழுதிவிடுவார்கள்.

சொல் எபிரேயம். காஷேர் என்பது மூல உச்சரிப்பு. கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் வாயில் கோஷெர் ஆகி, ஆங்கிலம் வழியாக நமக்கு வந்தது. பொருள்: தக்கது, சரியானது. விவிலியத்தில் எஸ்தர் நூலில் இந்தச் சொல் வரும் இடத்தில் சாப்பாட்டுப் பேச்சே இல்லை, அரசனுக்கு இது சரியென்று பட்டால் என்கிற பொருளில்தான் வருகிறது. சொற்பிறப்பு அவ்வளவுதான்.

'தூய' கட்சிக்காரர்களிடம் ஒரு ஆதாரம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். லேவியராகமம் 11ஆம் அதிகாரத்தில் எந்த விலங்கைத் தின்னலாம், எதைத் தின்னக்கூடாது என்ற பட்டியல் சுத்தம், அசுத்தம் என்றே போகிறது. ஆனால் அங்கே இருக்கும் எபிரேயச் சொல் தாஹோர், காஷேர் அல்ல. இரண்டும் வேறு வேறு சொல். காஷேர் சாப்பாட்டுக்கு மட்டும் வருவதும் இல்லை. யூதர்களின் வேதமான தோராவைக் கையால் எழுதிய சுருளில் ஒரே ஒரு எழுத்து விடுபட்டாலும் அது கோஷர் இல்லை. வழக்கில் சாட்சி சொல்லத் தகுதியுள்ளவர் கோஷர் சாட்சி. அவரைத் 'தூய சாட்சி' என்று எழுதிப் பாருங்கள், ஏதோ தேவாலயத்துக்குப் பெயர் வைத்த மாதிரி இருக்கும்.

இன்னும் பெரிய குழப்பம் அடுக்களையில். பாலும் இறைச்சியும் கலக்கக்கூடாது என்பது கோஷர் விதி. அதனால் ஆசாரமான யூத வீட்டில் பாலுக்கும் இறைச்சிக்கும் தனித்தனிப் பாத்திரம், தனித்தனிக் கரண்டி, வசதி இருந்தால் கழுவும் தொட்டிகூட இரண்டு. பல வீடுகளில் இறைச்சிப் பாத்திரத்துக்குச் சிவப்பு அடையாளம், பால் பாத்திரத்துக்கு நீலம். பால் கரண்டியை எவ்வளவு தேய்த்துப் பளபளக்க வைத்தாலும் கொதிக்கிற கோழி சூப்பில் விடக்கூடாது. தவறி விட்டுவிட்டால் வீட்டம்மா ரபிக்குப் போன் போடுவார், அவர் அளவை விசாரிப்பார்: சூப் எவ்வளவு, கரண்டி எவ்வளவு, கரண்டியைப்போல் சூப் அறுபது மடங்கு வருமா? வந்தால் சூப் தப்பியது, ஆனாலும் கரண்டியைக் கொதிநீரில் முக்கி எடுக்க வேண்டும். இந்தக் கணக்கில் அழுக்கு எங்கே வந்தது, புனிதம் எங்கே வந்தது? பொருத்தம்தான் கேள்வி. ரபி ஓதியதால் எந்தச் சாப்பாடும் கோஷர் ஆவதில்லை, ஓதாததால் கெடுவதும் இல்லை.

'சைவம்' என்று போடுபவர்கள் இன்னொரு பக்கம். கோழி சாப்பிட்ட குழந்தை ஐஸ்கிரீம் கேட்டால் 'இன்னும் நேரம் ஆகவில்லை' என்று அம்மா சொல்லும் வீடு அது, பெரியவர்கள் பலர் ஆறு மணி நேரம் காத்திருப்பார்கள். சைவமாம்! உண்மையில் காய்கறிக்கே சோதனை உண்டு: கீரையையும் லெட்டூஸையும் இலை இலையாக வெளிச்சத்தில் பிடித்துப் பூச்சி பார்ப்பார்கள், ஏனென்றால் பூச்சி கோஷர் இல்லை. முட்டையைத் தனிக் கிண்ணத்தில் உடைத்து ரத்தப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மாவில் விடுவார்கள்.

அப்புறம் அந்த உப்பு. அறுத்த இறைச்சியை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, பரல் உப்பைத் தூவி ஒரு மணி நேரம் வைத்து, ரத்தத்தை இழுத்தபின் மூன்று முறை அலசுவார்கள். அந்த வேலைக்கான உப்பு என்பதால் அந்தப் பெயர். தமிழ்ச் சமையல் குறிப்பில் 'பரல் உப்பு' என்று போட்டால் போதும், எந்தக் குழம்பும் கோபித்துக்கொள்ளாது.

'யூத ஹலால்' என்பதும் எனக்கு ஒப்பவில்லை. ஒட்டகம் ஹலால், கோஷர் இல்லை; முறைப்படி செய்த ஒயின் கோஷர், ஹலால் இல்லை. ஆனால் ஹலாலுக்குத் தமிழ் முஸ்லிம்கள் எழுதும் 'ஆகுமானது' என்ற சொல் எனக்குப் பொறாமையே தருகிறது, அத்தனை இயல்பு. நம் பேச்சிலும் 'இந்த வீட்டுக்கு முட்டை ஆகாது' என்கிறோமே. சிக்கல் என்னவென்றால், 'எனக்குக் கத்தரிக்காய் ஆகாது' என்றால் அது அரிப்பு. அதோடு ஆகுமானது என்பது அனுமதியைச் சொல்கிறது, காஷேர் தகுதியைச் சொல்கிறது. ஆகவே என் ஓட்டு 'தக்கது' என்பதற்கு. ஓடும் உரையில் கோஷர் என்றே விடுங்கள், விளக்கம் தேவைப்படும் இடத்தில் 'தக்க உணவு' என்று எழுதுங்கள். எதிர்ச்சொல்லான திரேஃபாவுக்குத் 'தகாதது' சரியாக இருக்கும், ஆனால் செய்தித்தாள்கள் 'தகாத உறவு' என்று எழுதி எழுதி அந்தச் சொல்லின் மானத்தை வாங்கிவிட்டன, அங்கே 'கோஷர் அல்லாதது' என்றே போய்விடலாம்.

வினைச்சொல்லில்தான் மொழிபெயர்ப்பாளர்கள் வசமாக மாட்டுகிறார்கள். பஸ்கா பண்டிகைக்கு முன் உலோகப் பாத்திரங்களைக் கோஷர் செய்வதைச் 'சுத்திகரித்தல்' என்று எழுதுகிறார்கள். முதலில் நன்றாகத் தேய்த்துக் கழுவி, 24 மணி நேரம் தொடாமல் வைத்து, அதற்கப்புறம்தான் கொதிநீரில் முக்குவார்கள். அப்படியானால் சுத்தம் செய்த பாத்திரத்தை மறுபடி ஏன் சுத்தம் செய்கிறார்கள் என்று வாசகர் கேட்டால் என்ன பதில்? 'தக்கதாக்குதல்' என்று எழுதியிருந்தால் அவர் கேட்டிருக்கவே மாட்டார்.